கழலாத பைண்டிங்

அத்தியாயம் 4

“ஐந்து மணி,” என்றான் கடை முதலாளி டொனால்ட். “ஐந்து மணிக்கு, பிழை இவனுடையது என்ற இந்தக் கடிதம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபாக்ஸில் போகும். அதோடு இந்தப் பையனுக்கு இங்கே வேலை முடிந்தது.”

இருபத்தேழு வயது ஆளைப் பையன் என்கிற அந்த வாயில் ஒன்று போட எனக்குக் கை துருதுருத்தது. அருள்மலர் அக்கா என் ஜக்கெற்றைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அக்கா லைசென்ஸ் வைத்திருக்கும் துப்பறிவாளர். நான், சச்சிதானந்தன், அவருக்குக் கார் ஓட்டுகிறவன், தேவையில்லாத இடத்தில் வாய் விடுகிறவன். ஆள் அடிப்பதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் லைசென்ஸ் இல்லை.

பையன் என்று சொல்லப்பட்ட சிவரூபன் தன் வேலை மேசைக்குப் பின்னால் கல்லுப்போல நின்றான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் இருந்த அந்தப் பனிச்சறுக்குக் கடையில் மூன்று வருடமாக அவனுக்கு ஒரே வேலை, சறுக்குக் கட்டைகளில் பைண்டிங் பொருத்துவது. சப்பாத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கிற சாமான் அது. ஆள் விழும்போது தானாகக் கழல வேண்டும். மூன்று கிழமைக்கு முன், பாரி நகருக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில், அட்சயா என்ற பதினாறு வயதுப் பிள்ளை விழுந்தபோது அது கழலவில்லை. கால் எலும்பு இரண்டாக முறிந்தது. தகப்பன் நவரட்ணம் போன சனிக்கிழமை மில்லிக்கன் பிளாசாவில், மரக்கறிக் கடை வாசலில், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் சிவரூபனின் கன்னத்தில் அறைந்தார். நொண்டியாக்கின நாய் என்று பட்டமும் கொடுத்தார்.

வேலையோடு மட்டும் போகிற விஷயமாக அது இருக்கவில்லை. கல்யாணம் முடித்துப் பத்தாம் நாள் கொழும்பில் விட்டுவிட்டு வந்த மனைவி தனுசியாவைக் கனடாவுக்குக் கூப்பிட சிவரூபன் ஸ்பொன்சருக்குப் போட்டிருந்தான். வருகிற கிழமை வேலைக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்து வைக்க வேண்டியவன் இந்த டொனால்ட்.

“பைண்டிங் பொருத்தினதுக்கு ஒரு ரிக்கெற் எழுதியிருப்பீர்களே, அது எங்கே?” என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

“வெள்ளைப் பிரதி கடைக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு,” என்றான் டொனால்ட். “டிசம்பரில் கடையை இந்தக் கட்டிடத்துக்கு மாற்றினோம். வெள்ளைப் பிரதிகள் இருந்த பெட்டி...” தோளைக் குலுக்கினான்.

“குப்பையில் போட்டீர்கள்.”

“தவறிவிட்டது.”

“பெட்டியைத் தவறவிட்டது நீர், வேலை போவது அவனுக்கு. நல்ல கடை,” என்றார் அக்கா. டொனால்டின் கழுத்து சிவந்தது. ஃபாக்ஸ் மெசின் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்கா சிவரூபனிடம் திரும்பினார். “தம்பி, அண்டைக்கு ஆர் கடைக்கு வந்தது? பிள்ளையோ, தகப்பனோ?”

“ஞாபகம் இல்லை அக்கா. நவம்பரில ஒரு நாளைக்கு அறுபது சோடி பூட்டுறனான்.”

அவன் அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கும் பிடிக்கவில்லை என்பது அவர் மூக்கைப் பார்த்தபோது தெரிந்தது. ஆனால் மூலையில் சாய்த்திருந்த கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். இன்சூரன்ஸ்காரர் பார்த்து முடித்துத் திருப்பி அனுப்பிய அதே கட்டைகள், அதே சப்பாத்துகள்.

“இதை ஆளுக்கு அளவா எடுக்கிறது எப்பிடி? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்.”

வேலையைப் பற்றிக் கேட்டதும் சிவரூபனுக்கு உயிர் வந்தது. “கட்டையின்ர நீளம் ஆளின்ர உயரத்தையும் ஓட்டத்தையும் பொறுத்தது அக்கா. வேகமா ஓடுற ஆளுக்கு நீட்டுக் கட்டை, பழகிற ஆளுக்கு நீளம் குறைஞ்சது. சப்பாத்து காலைக் கவ்விப் பிடிக்கவேணும், உள்ளுக்கை கால் ஆடினா கட்டை சொல்லுக் கேக்காது. பைண்டிங்குக்கு நிறை, வயசு, சப்பாத்தின்ர நீளம், பிறகு ஆள் எப்பிடி ஓடுற ஆள் எண்டது. பயந்து பயந்து ஓடுற ஆளுக்கு லேசிலை கழரவேணும். பறக்கிற ஆளுக்கு இறுக்கமா நிக்கவேணும், இல்லாட்டி அந்த வேகத்திலை சும்மா கழண்டு ஆளைக் கொண்டுபோடும்.”

“அட்சயாவுக்கு இறுக்கம் எத்தினையில நிக்கவேணும்?”

“மூண்டு, மூண்டரை.”

“இதில?”

அவன் குனிந்து பார்க்காமலே சொன்னான். “ஏழு.”

நான் கட்டையை நிமிர்த்திப் பிடித்தேன். ஆறடி ஆளான என் தலைக்கு மேலே ஒரு சாண் நின்றது. அக்கா சப்பாத்துக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. உள்ளே இருந்து ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய மூன்று சோடி கம்பளிச் சொக்ஸை இழுத்து எடுத்தார். பிறகு கைப்பையிலிருந்து நூல் எடுத்து, சப்பாத்தின் உள் நீளத்தை அளந்து முடிச்சுப் போட்டார்.

“சச்சி, ஒருத்தன் கவலையீனமா வேலை செய்தா எத்தினை பிழை விடுவான்?”

“என்னைக் கேட்டா? மணிக்கு மூண்டு.”

“அந்த மூண்டு பிழையும் ஒண்டோட ஒண்டு பொருந்துமோ? கட்டை நீளம், சப்பாத்துப் பெரிசு, பைண்டிங் இறுக்கம். மூண்டையும் ஒண்டாச் சேர்த்துப் பார். உயரமான, பாரமான, பறக்கிற ஒருத்தன் வாறான். உதில பிழையே இல்லை. இந்தச் சாமான் எல்லாம் ஒரு ஆளுக்குக் கச்சிதம். அந்த ஆள் அட்சயா இல்லை, அவ்வளவுதான்.”

சிவரூபன் சொக்ஸை மடித்து வைக்கத் தொடங்கினான்.

நேரம் ஒன்று நாற்பது.

*

என் டேர்செல் காரில் ஹீற்றர் கோடையில் மட்டும்தான் வேலை செய்யும். ஸ்டீல்ஸ் ரோட்டில் பனி கண்ணாடியை அப்பிக்கொண்டு வந்தது.

“மஞ்சள் பிரதி நவரட்ணத்தாரின்ர வீட்டில இருக்கு,” என்றார் அக்கா.

“நவம்பர் மாசத்துக் கடதாசி அக்கா. எப்பவோ எறிஞ்சிருப்பினம்.”

“அகதிக் கேஸ் நடத்தின வீட்டில ஆரும் கடதாசி எறியிறேல்ல. நீ எறிஞ்சனியோ?”

1989இல் ரொறன்ரோவில் இறங்கிய அன்று ஏறிய பஸ்ஸின் ரிக்கெற் துண்டு இன்னும் என் கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பில் இருக்கிறது. என்றைக்காவது ஒரு அதிகாரி அதைக் கேட்பான் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

“அப்ப சிவரூபனைக் காப்பாத்திற கடதாசி, சிவரூபனை அடிச்ச ஆளின்ர அலுமாரிக்கை இருக்கு. கேட்டாத் தருவாரோ?”

“கேட்டாத் தரார். கோவம் வந்தாத் தருவார்.” அக்கா கையுறையை இழுத்து மாட்டினார். “எங்கட ஆக்கள் அமைதியா இருக்கேக்க நல்லா யோசிச்சுப் பொய் சொல்லுவினம். கோவம் வந்தா யோசிக்க மாட்டினம்.”

“அப்ப நீங்கள் வாழ்க்கையில ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டியள்.”

“வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்.”

*

ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில் வரிசை வீடு. தமிழ் வீட்டின் முழு விலாசமும் கதவுக்கு உட்பக்கம் சப்பாத்து கழற்றும் இடத்தில் கிடக்கும். அக்கா என் கையில் நூலைத் திணித்துவிட்டு உள்ளே போனார். நான் லேஸ் அவிழ்க்கிற சாட்டில் குந்தினேன். பூப்போட்ட சின்னச் சப்பாத்து ஒரு சோடி, நூல் நாலு விரல் மிஞ்சியது. தகப்பனின் கறுப்புச் சப்பாத்துக்கும் நூல் நீளம். மூலையில் கப்பல் மாதிரிக் கிடந்த கூடைப்பந்துச் சப்பாத்தில் வைத்தேன். முடிச்சு வரை சரியாகப் போய் நின்றது.

உள்ளே போனேன். சோபாவில் அட்சயா, இடுப்பு வரை மாக்கட்டு. பக்கத்துக் கதிரையில் ஐந்தடி ஒன்பது அங்குலக் கோபமாக நவரட்ணம். இந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். எண்பது வயது ஆட்கள்கூட அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பெட்டையைப் பாக்க வந்தனீங்களோ, அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தனீங்களோ?” என்றார் அக்காவிடம்.

“ரெண்டுக்கும்தான் அண்ணை.”

“அப்ப எழும்பலாம். படிச்சு டொக்டரா வர இருந்த பிள்ளை. அவன்ர கையாலாகாத்தனத்தால கிடக்கிறாள். இந்த ஊரில அவன் இனி ஒரு ஸ்குரூகூடப் பூட்டக் கூடாது. நான் விடன்.”

அவருடைய மனைவி தவமணி தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் டங்கென்று வைத்துவிட்டுப் போனார். யாரோடு கோபம் என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை.

நான் அக்காவைப் பார்த்து, விரலால் மேல்மாடியைக் காட்டினேன். அங்கேதான் கூடைப்பந்துச் சப்பாத்தின் சொந்தக்காரன், மூத்தவன் அபிஷன், பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கூரை அதிர்ந்தது.

அக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். மிகவும் இரக்கமான குரலில், “கோவிக்காதேங்கோ அண்ணை,” என்று தொடங்கினார். “கடையில ஒரு கதை கேள்விப்பட்டன். உங்களுக்கு ரெண்டு சோடி வாங்க வசதி இல்லையாம். அதாலதான் மகனுக்கு வாங்கின சாமானை மகளுக்கும் குடுத்தனீங்களாம். பாவம், இப்பத்தை நிலைமை எல்லாருக்கும் கஷ்டம்தானே.”

நவரட்ணம் கதிரையை விட்டு எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“எவன் சொன்னவன்? எனக்கு வசதியில்லையோ? கடையில இருந்ததிலயே திறமானதை எடுத்தனான்! ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? நாங்கள் அஞ்சு சகோதரம் ஒரு சைக்கிளிலதான் படிச்சு முடிச்சனாங்கள், சீற்றை ஏத்தி இறக்கி ஓடினனாங்கள், ஒருத்தருக்கும் கால் முறியேல்ல! பள்ளிக்கூடத்தால மலைக்குக் கூட்டிக்கொண்டு போகினம் எண்டாள். வீட்டில புதுச் சாமான் கிடக்க வாடகைக்கு எடுக்கிறதோ? உவனுக்கே நான் சொன்னனான், ரெண்டு பிள்ளையளுக்கும் எண்டு! கூடாது அண்ணை, ஏலாது அண்ணை, ஒருத்தருக்குப் பூட்டினதை மற்றவர் போடக் கூடாது எண்டு நிண்டவன். எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டார்! பேசாமல் பூட்டு தம்பி எண்டனான், வாயை மூடிக்கொண்டு பூட்டினவன்!”

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது.

மேலே பாட்டு நின்றிருந்தது. அபிஷன் பாதிப் படியில் வந்து நின்றான். ஆறடி ஒரு அங்குலம்.

“அப்பா,” என்றாள் அட்சயா. குரலில் அழுகை இல்லை. “அந்த அண்ணா வேண்டாம் எண்டு சொன்னவரா? You knew? தெரிஞ்சுகொண்டா அவருக்கு அடிச்சீங்கள்?”

“நீ சும்மா இரு. அவன் சரியாப் பூட்டியிருந்தா...”

“சரியாத்தான் பூட்டியிருக்கிறார். அபிஷனுக்கு,” என்றார் அக்கா. “மஞ்சள் கடதாசி ஒண்டு தந்திருப்பான். அதைத் தாங்கோ.”

“அப்பிடி ஒண்டும் இல்லை!”

குசினிக்குள் இருந்து தவமணி வந்தார். கையில் நீலப் பிஸ்கட் டின். பாஸ்போட், லாண்டிங் பேப்பர், தடுப்பூசி அட்டை, வாங்கிய மிக்ஸியின் காரண்டி எல்லாம் அதற்குள் அடுக்காக இருந்தன.

“தவமணி! வை உதை!”

“ஏன் வைக்கோணும்?” தவமணி கணவனைப் பார்க்காமலே கடதாசிகளைப் புரட்டினார். “மூண்டு கிழமையா இந்தப் பிள்ளை இரவில நோவில கத்தேக்க நான்தான் பக்கத்தில இருக்கிறன். நீங்கள் பிளாசாவில வீரம் காட்டிப்போட்டு வந்து குறட்டை விடுறியள். அந்தப் பெடியனுக்குக் கைநீட்டினீங்கள் எண்டு கேட்டு நான் நாலு நாள் வெளியில தலைகாட்டேல்ல.” மஞ்சள் தாளை உருவி அக்காவிடம் நீட்டினார். “இந்தாங்கோ.”

பெயர், அபிஷன் நவரட்ணம். வயது பத்தொன்பது. நிறை நூற்று எழுபத்திரண்டு இறாத்தல். ஓட்டம், வேகம் என்ற மூன்றாவது பெட்டியில் புள்ளடி. பைண்டிங், ஏழு. கீழே, மேலே பெயர் உள்ளவர் மட்டுமே பாவிக்க வேண்டும் என்று அச்சடித்த வரி. அதற்குக் கீழே அபிஷனின் கையெழுத்து. எழுதியவன் கவலையீனமான ஆள் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் பள்ளிக்கூடக் கொப்பி போல இருந்தது.

“இதை நான் வாசிக்கேல்ல,” என்றான் அபிஷன் படியில் நின்றபடி. “Sorry, அட்சு.”

“போடா,” என்றாள் அவள்.

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. “அக்கா, வெண்டிட்டம்!”

அக்காவின் முகம் கறுத்திருந்தது. “எங்க வெண்டது? ஞாபகம் இல்லையெண்டான், கேட்டியே? தகப்பனோட வாக்குவாதப்பட்டவனுக்கு ஞாபகம் இல்லையாம். என்ர கட்சிக்காரன் என்ர முகத்துக்கு நேர பொய் சொல்லியிருக்கிறான்.”

அட்சயா ஊன்றுகோல்களை எட்டி எடுத்தாள். “நானும் கடைக்கு வாறன். அப்பாவும் வருவார். அந்தப் பேப்பரை அவர்தான் குடுக்க வேணும்.”

“பனி கொட்டுது, மாக்கட்டோட எங்க போறாய்?”

“உடைஞ்சது என்ர கால் அப்பா. நீங்க வராட்டி, நான் பிளாசாவுக்குப் போய் அந்தக் கடை வாசலில நிண்டு சொல்லுவன்.”

*

கடை வாசலில் காரை நிறுத்தியபோது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு வந்த அட்சயாவை இறக்கி நடத்திக் கொண்டுவர இன்னும் மூன்று நிமிடம் போனது. டொனால்ட் கடிதத்தை மெசினில் வைத்திருந்தான்.

நவரட்ணம் மஞ்சள் தாளை அவன் முன்னால் வைத்தார். அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், நேராகப் போகும். “கட்டை என் மகனுடையது. மகள் எடுத்துப் போனாள். இவன் வேலையில் பிழை இல்லை.”

டொனால்ட் தாளை வாசித்தான். அச்சடித்த வரியை வாசித்தான். கையெழுத்தை வாசித்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. சிவரூபனுக்காக வந்த வெளிச்சம் இல்லை அது, கடை தப்பியதே என்ற வெளிச்சம். “சனங்கள் கட்டையை மாறிப் போட்டால் நாம் என்ன செய்ய முடியும்? சரி, சிவா, போய் வேலையைப் பார்.”

“கடிதத்தைக் கிழித்துப் போடும்,” என்றார் அக்கா. “பிறகு இன்னொன்று ரைப் அடியும். மூன்று வருடமாக இவனுக்கு இங்கே நிரந்தர வேலை என்று. இப்போதே. இல்லாவிட்டால் வெள்ளைப் பிரதிகள் இருந்த பெட்டியைப் பற்றி நான் இன்சூரன்ஸ்காரரோடு பேச வேண்டி வரும்.”

டொனால்ட் அடித்தான். கையெழுத்தும் வைத்தான். சிவரூபன் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், மேசையில் கட்டைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தான். தனுசியா வருவாள். அதில் இனிச் சந்தேகம் இல்லை.

அப்போது அக்கா வெடித்தார். இந்தமுறை தமிழில், டொனால்டுக்கு ஒரு சொல்லும் விளங்காத தமிழில்.

“ஞாபகம் இல்லையெண்டனீர்!”

சிவரூபன் தலையைக் குனியவில்லை. “ஞாபகம் இருந்தது அக்கா. எல்லாம் ஞாபகம் இருந்தது. ரெண்டு பேருக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பூட்டினன். அதைச் சொன்னா முதலாளி அந்த நிமிசமே என்னை அனுப்பியிருப்பான். பிறகு தனுசியா வந்த மாதிரித்தான்.”

“தெரிஞ்சும் ஏன் ஐசே பூட்டினீர்?”

“அதைத்தான் நானும் இந்த மூண்டு கிழமையா என்னையே கேக்கிறன்!” அவன் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் அடித்தான். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்கள். “ஒரு வெள்ளைக்காரன் வந்து கேட்டிருந்தா, ஏலாது எண்டு ஒரு சொல்லில முடிச்சு அனுப்பியிருப்பன். எத்தினை பேரை அனுப்பியிருக்கிறன்! இவர் தம்பி எண்டார். பேசாமல் பூட்டு தம்பி எண்டார். பெரிய மனுசன், அண்ணை, எதிர்த்துக் கதைக்கக் கூடாது எண்டு கை தன்ரபாட்டில பூட்டிச்சுது.”

“என்ன சொல்கிறான்?” என்று டொனால்ட் என்னிடம் கேட்டான்.

“உங்களுக்கு நன்றி சொல்கிறான்,” என்றேன்.

சிவரூபன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அட்சயாவுக்கு முன்னால் நின்றான். “தங்கச்சி, உம்மட்ட மட்டும் நான் மன்னிப்புக் கேக்க வேணும். நான் ஏலாது எண்டு நிண்டிருந்தா உமக்கு இந்தக் கால் முறிஞ்சிருக்காது.”

அட்சயா ஊன்றுகோலில் நிமிர்ந்தாள். “ஓம்,” என்றாள். “நிண்டிருக்க வேணும்.” அவள் அதைச் சொன்ன விதத்தில் மன்னிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். சிவரூபன் தலையாட்டினான்.

நவரட்ணம் தொண்டையைச் செருமினார். இந்த மனிதர் யாரிடமும் கேட்டுப் பழகாத ஒன்றைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. “தம்பி... அண்டைக்குப் பிளாசாவில... ஒரு தகப்பன்ர ஆத்திரம். மனசில வைச்சிருக்காதையும்.”

“வைச்சிருப்பன்,” என்றான் சிவரூபன். “அந்த அடியை வாங்கிக்கொண்டு ஏன் சும்மா நிண்டனான் தெரியுமே? நீங்கள்தான் பூட்டச் சொன்னது எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தச் சனத்துக்கு முன்னால ஒரு வசனத்தில உங்களை மடக்கியிருக்கலாம். அப்பவும் வாய் வரேல்ல. அதுவும் நீங்கள் மூத்தவர் எண்டுதான்.”

“தம்பி, நான் சொல்லுறன்...”

“தம்பி எண்டாதேங்கோ.” சிவரூபன் மேசைக்குப் பின்னால் திரும்பிப் போனான். மேசையில் கிடந்த கட்டைகளைத் தூக்கி, நவரட்ணத்தின் கைகளில் வைத்தான். “இது உங்கட மகன்ர சாமான். பிள்ளை நடக்கத் தொடங்கி, திரும்பவும் ஓட விருப்பமெண்டா அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவின்ர நிறைக்கு, அவவின்ர காலுக்கு, அவவின்ர ஓட்டத்துக்கு வேற சோடி. மற்ற ஆக்களைப்போல வரிசையில நிண்டு கேளுங்கோ. நான் சொல்லுற அளவுதான் அளவு. விளங்கிச்சுதோ, மிஸ்டர் நவரட்ணம்?”

ஸ்காபரோவில் அவரை அண்ணை என்று கூப்பிடாத முதல் தமிழன் அவன்தான். நவரட்ணம் தன் தலைக்கு மேல் நின்ற அந்த நீட்டுக் கட்டைகளை அணைத்துப் பிடித்தபடி நின்றார். மகள் ஊன்றுகோலைக் குத்திக் குத்தி அவரைத் தாண்டி வெளியே போனாள்.